தலைவலிக்குத் தோளைப் பாருங்கள்!

அச்சிலிருந்து எடுத்த அகல் விளக்கின் விளிம்பில் மெல்லிய பிசிறு இருக்கும். ஈர ஸ்பாஞ்சால் அதை வழித்த பிறகுதான் விளக்கு சூளைக்குப் போகும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கார்த்திகை நெருங்கும்போது ஓயாமல் நடக்கிற வேலை இது. செய்பவரின் கை அசைந்துகொண்டே இருக்கும். தலை மட்டும் குனிந்தது குனிந்தபடி நிற்கும். பக்கத்துக் கம்மாபுரம் வயல்களில் களை எடுப்பவர், தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர், செல்போனை மடியில் வைத்துப் பார்ப்பவர் எல்லோருக்கும் இதே நிலைதான். சாயங்காலம் ஆனால், “மண்டையில கயித்தப் போட்டு இறுக்கின மாதிரி இருக்கு” என்று துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்கிறார்கள்.

மருத்துவர்கள் ‘டென்ஷன் தலைவலி’ என்பது இதைத்தான். தலையின் இரு பக்கமும் அழுத்தும். ஒற்றைத் தலைவலி போல விண்விண்ணென்று தெறிக்காது, வாந்தி வராது. நடமாடினால் கூடுவதும் இல்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் இப்படித் தொடர்ந்தால் அது நாள்பட்ட தலைவலி.

வலி எங்கே பிறக்கிறது?

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் அந்தப் பாரத்தை முதுகெலும்பு வாங்கிக்கொள்ளும். குனிந்தால் பிடரித் தசைகள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஓய்வின்றி இறுகியே இருக்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. தொட்டாலே வலிக்கும் முடிச்சுகள் உருவாகின்றன. தோள்பட்டை முடிச்சின் வலி நெற்றிப்பொட்டிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரியும். இப்படி எந்த முடிச்சு எங்கே வலிக்கும் என்று படம் போட்டுக் காட்டியவர் ஜேனட் டிராவல்; அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்தவர். டேவிட் சைமன்ஸுடன் அவர் எழுதிய நூலின் முதல் பாகம் 1983-ல் வெளிவந்தது.

தசை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தூக்கமின்மை, கவலை, பசி எல்லாம் சேரும். வலி நாள்பட்டால் மூளையின் வலி உணர்வே கூர்மையாகி, சின்ன இறுக்கம்கூடப் பெரிதாகத் தெரியும்.

கை வைக்கும் முறை

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்ற மசாஜ் முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உள்பட 9 வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். சித்தப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்ய எளிய வழியும் உண்டு. மல்லாந்து படுங்கள். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், நடு எலும்பின் இரு பக்கமும் விரல் வையுங்கள். அமுக்கினால் ‘ஆமா, இங்கதான்’ என்று சொல்ல வைக்கும் இடம் ஒன்று சிக்கும். அதை மெதுவாக அழுத்தி, அரை நிமிடம் மூச்சை நிதானமாக விடுங்கள். அடுத்து தோள்சதையை எதிர்க் கையால் கொத்தாகப் பிடித்துவிடுங்கள். நெற்றிப்பொட்டையும், பல்லைக் கடித்தால் புடைக்கும் தாடைச் சதையையும் வட்டமாகத் தேயுங்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் இருந்தால் கை வழுக்கிப் போகும். கழுத்தின் முன்பக்கவாட்டில், நாடி துடிக்கும் இடத்தில் அழுத்தவே கூடாது. சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பதும் வேண்டாம். அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

மசாஜ் எவ்வளவு தூரம் உதவும்? அமெரிக்காவில் 56 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 6 வாரம் மசாஜ் செய்துகொண்டவர்களுக்குத் தலைவலி குறைந்தது. ஆனால், வேலை செய்யாத அல்ட்ராசவுண்ட் கருவியைச் சும்மா வைத்து எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது! அமைதியாகப் படுத்திருப்பதற்கும், ஒருவர் அக்கறையோடு கவனிப்பதற்கும் அதில் பங்கு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மசாஜ் தசையைத் தளர்த்தும். மறுநாளும் அதே குனிவு என்றால் முடிச்சு திரும்பவும் விழும்.

பழக்கத்தை மாற்றுங்கள்

தலையைப் பொருளிடம் கொண்டுபோகாமல் பொருளைத் தலையிடம் கொண்டுவர வேண்டும். பெஞ்சை உயர்த்துங்கள், முடியாவிட்டால் பலகை வைத்து விளக்கையோ துணியையோ முழங்கை உயரத்துக்கு ஏற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, தாடையை உள்ளிழுத்துப் பின்னந்தலையை மேலே நீட்டுங்கள். தோள்களை ஏற்றி இறக்குங்கள். உதடு மூடியிருக்கலாம், பற்கள் கடிபடக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடாமல் கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் தலைவலியைக் கூட்டும்.

தசைக்கு வலுவும் தேவை. டென்மார்க்கில் 198 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், ரப்பர் பட்டையை இழுத்துக் கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கும் பயிற்சியைத் தினம் வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கே, 10 வாரத்தில் கழுத்து, தோள் வலி குறைந்தது.

மாத்திரை எச்சரிக்கை

பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பல மருந்து கலந்த மாத்திரைக்கு 10 நாளே எல்லை. எந்தெந்த நாள் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டோம் என்று காலண்டரில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

திடீரென்று இடி விழுந்தாற்போல வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றுக்கு எண்ணெயைத் தேடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

மற்றபடி, இந்த வலியில் பாதி வைத்தியம் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கிறது. உயரமான பெஞ்சு, சாய்மானம் உள்ள நாற்காலி, நடுவே 2 நிமிட இடைவெளி... இவற்றைத் தொழிலாளி கேட்டு வாங்குவதைவிட, பட்டறை முதலாளி தானாகவே செய்து கொடுப்பதுதான் முறை. தலைவலியோடு துடைக்கிற கையில் விளக்கும் அதிகம் உடையும்.