ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும்

கறிவேப்பிலைச் செடி நிற்கும் வீடுகளில் அந்தக் கருப்புப் பட்டாம்பூச்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. இலையின் மேல் உட்காராமல் படபடத்துக்கொண்டே முன்கால்களால் தொட்டுச் சுவை பார்க்கும். பிடித்திருந்தால் வெளிர்மஞ்சள் முட்டை ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த கொத்துக்குப் போகும். பெயர் கறிவேப்பிலை அழகி. இதன் ஆண்கள் எல்லாம் ஒரே அச்சு: கருஞ்சிறகு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளால் ஆன பட்டை. பெண்கள் அப்படியில்லை. ஒரு வகைப் பெண் ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை, பின்சிறகில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளுமாக ரோஜா அழகியின் சாயலில் வரும். மூன்றாவது வகைக்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். அது சிவப்புடல் அழகியின் சாயல்.

ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளைத் தின்று வளர்பவை. அந்தச் செடிகளின் நஞ்சு அவற்றின் உடம்பில் தங்கிவிடுவதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. கறிவேப்பிலை அழகியிடம் நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளதன் தோற்றம் மட்டும் உண்டு. பறவையை ஏமாற்றும் தோற்றம் மனிதர்களையும் ஏமாற்றிவிடும். பட்டாம்பூச்சி பார்க்கப் போகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது தூரத்திலிருந்தே “சிவப்புடல் அழகி!” என்று கை நீட்டினால், பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பெண் மெதுவாகச் சொல்வாள்: “உடம்பைப் பாருங்க சார், கருப்பு.” அசலுக்கு உடம்பே சிவப்பு. சிறகைக் காப்பியடித்த பூச்சி உடம்பைக் காப்பியடிக்கவில்லை.

இப்படிக் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நன்றாக வேர்விட்டிருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஒரு குறையும் உண்டு. பெயரைச் சொன்னதும் நகர்ந்துவிடுகிறோம். ஏற்கெனவே பட்டியலில் உள்ள இனம் என்றால் காமிரா இறங்கிவிடுகிறது. ஆனால், அதே இனத்தின் நூறு பூச்சிகளுக்கு நடுவில் ஒன்றின் சிறகில் ஒரு புள்ளி காணாமல் போயிருக்கும், ஒன்றில் புள்ளி நீண்டு கோடாகியிருக்கும். இவற்றைத்தான் பிறழ்வு என்கிறோம். கறிவேப்பிலை அழகியின் மூன்று பெண் தோற்றங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பவை, அவற்றைப் பிறழ்வு என்று சொல்வதில்லை. பிறழ்வு என்பது அபூர்வமாகத் தலைகாட்டி மறைவது. அதைத் தேடுவதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் ராய்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். ஊரை ஒட்டிச் சுண்ணாம்பு மண் மேடு, அதில் குட்டைப்புல். சாக்ஹில் புளூ என்ற சின்ன வண்ணத்துப்பூச்சி அங்கே ஜூலை, ஆகஸ்டில் பறக்கும். ஆண் வெள்ளி கலந்த இளநீலம், பெண் பழுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலையோடு ரயிலேறி அந்த மேட்டுக்கு வந்தவர்கள் பூச்சி கிடைக்குமா என்று வரவில்லை. பூச்சி ஏராளமாக இருந்தது. அவர்கள் வந்தது வேறுபட்ட அந்த ஒன்றுக்காக. மாலையில் இந்த நீலப்பூச்சிகள் புல்தண்டுகளில் சிறகை மூடி உறங்கப் போகும். அப்போது அடிப்பக்கம் முழுசாகத் தெரியும். பழுப்புப் பின்னணியில் வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். குனிந்து, தண்டு தண்டாகப் பார்த்துப் போவார்கள். புள்ளியே இல்லாதது, புள்ளிகள் கதிர்போல நீண்டது, இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு லத்தீன் பெயர். பழுப்புப் பெண்ணின் ஒரு பக்கச் சிறகில் ஆணின் நீலக் கீற்றுகள் விழுந்து, அந்தச் சிறகு மட்டும் சிறுத்தும் போயிருக்கும் வகைக்கு ‘ராய்ஸ்டனென்சிஸ்’ என்று ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். பெர்சி பிரைட், லீட்ஸ் என்ற இருவர் 1938இல் இந்த ஒரே பூச்சியின் பிறழ்வுகளுக்கென்று தனி நூல் கொண்டுவந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் அதில் பெயரிடப்பட்டு விவரிக்கப்பட்டிருக்கின்றன.

இத்தனை பெயர் தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒரு புள்ளியின் நீளத்தை வைத்துப் பெயர் சூட்டுவது அறிவியலாகாது. அதற்காகக் கொல்லப்பட்ட பூச்சிகளை நினைத்தால் மனம் ஒப்பவும் இல்லை. ஆனாலும் அவர்களின் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். அவர்கள் சேகரித்து வைத்த பெட்டிகளில் ஒவ்வொரு பூச்சியின் கீழும் இடமும் தேதியும் எழுதிய சீட்டு குத்தியிருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இப்படிப்பட்ட பழைய சேகரங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியபோது அந்தத் தேதிகள் பேசத் தொடங்கின: வசந்தம் வெப்பமாக இருந்த ஆண்டுகளில் பூச்சிகள் முன்கூட்டியே வெளிவந்திருக்கின்றன. பருவநிலை பற்றி யாரும் கவலைப்படாத காலத்தில் குறித்த தேதிகள் அவை.

அந்த ஆர்வலர்களின் பற்று எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஓர் உதாரணம். சில்வர்-வாஷ்டு ஃபிரிட்டிலரி என்ற காட்டுப் பூச்சி ஆரஞ்சு நிறத்தது. அதன் பெண்களில் சில மட்டும் பச்சை கலந்த கரும்சாம்பல் நிறத்தில் வரும். அதற்கு ‘வலெசினா’ என்று பெயர். தெற்கு இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் காடு அதற்குப் பேர்போனது. பிரிட்டிஷ் வண்ணத்துப்பூச்சிகளை வாழ்நாள் முழுக்க வரைந்த ஃபிரோஹாக், தன் மகளுக்கே வலெசினா என்று பெயர் வைத்தார்.

பிறழ்வு ஏன் உண்டாகிறது? சிறகில் நாம் நிறமாகப் பார்ப்பது செதில்கள். கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரே செல்லிலிருந்து வளர்வது, பெரும்பாலும் ஒரே நிறம். எந்தச் செல் எந்த நிறம் என்ற முடிவு கூட்டுப்புழுவுக்குள்ளேயே நடந்து முடிகிறது. அந்த நேரத்தில் குளிரடித்தால் முடிவு மாறிப்போகும். 1890களில் சூரிக்கில் ஸ்டான்ட்ஃபஸ்ஸும் பிரைட்டனில் மெரிஃபீல்டும் கூட்டுப்புழுக்களைப் பனிக்கட்டிக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். காட்டில் அபூர்வமாகக் கிடைத்த பிறழ்வுகளைப் போன்றவையே அவர்கள் பெட்டியில் வெளிவந்தன. கூடு கட்டிய புதிதில், முதல் ஓரிரு நாட்களில்தான் இது பலிக்கும். பிறகு எவ்வளவு குளிர் பட்டாலும் சிறகு மசியாது. அமெரிக்காவில் ஃபிரெட் நைஹவுட் 1980களில் பக்ஐ என்ற பூச்சியிடம் இதை விரிவாகச் செய்து பார்த்தார். நம் தோட்டங்களில் பறக்கும் மயில் வசீகரன், எலுமிச்சை வசீகரன் எல்லாம் அந்தப் பூச்சியின் நெருங்கிய உறவினர்கள். 2017இல் வெளிவந்த ஆய்வில், வின்ட்-ஏ என்ற ஒரே மரபணுவைப் பல இன வண்ணத்துப்பூச்சிகளில் வெட்டி முடக்கினார்கள். கோடுகள் மறைந்தன, எல்லைகள் நகர்ந்தன. வலையோடு அலைந்தவர்கள் பெயர் சூட்டிய பல கோலங்களுக்கு அப்பால் ஒரு பொதுவான வரைபடம் இருப்பது தெரிந்தது.

இன்னொரு வகை என்னை எப்போதும் திகைக்க வைக்கும். நட்டநடுவில் கோடு கிழித்ததுபோல ஒரு பாதி ஆண், மறு பாதி பெண். சாக்ஹில் புளூவில் இடச்சிறகு நீலம், வலச்சிறகு பழுப்பு. நமக்கெல்லாம் ஹார்மோன் ரத்தத்தில் ஓடி உடம்பு முழுக்க ஒரே செய்தியைச் சொல்கிறது. பூச்சியின் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள குரோமோசோமைப் பார்த்துத் தானே முடிவெடுத்துக்கொள்கிறது. கருவின் முதல் பிரிவிலேயே பால் குரோமோசோம் பங்கீட்டில் பிசகினால் ஒரு பாதி ஒரு வழியிலும் மறு பாதி மறு வழியிலும் வளரும். நீளும் பாதிக்கோடு அந்த முதல் பிரிவின் தடம்.

மறுபடி கறிவேப்பிலைச் செடிக்கு வருவோம். மூன்று தோற்றமும் ஒரே இனத்தின் பெண்கள் என்பதை 1865இல் வாலஸ் எடுத்துக்காட்டினார். ஒரே இனத்தில் மூன்று தோற்றம் எப்படி வருகிறது என்பது அப்போது தெரியவில்லை. இலங்கையில் ஃபிரையர் என்ற ஆங்கிலேயர் இந்தப் பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, தாய் எந்த வகை, மகள்கள் எந்த வகை என்று கணக்கெழுதினார். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு அவருடைய முடிவுகள் வந்தன. வேறு இனத்தின் சாயலைத் தரும் மரபணு ஓங்கியது. ஆணைப் போன்ற சாயல் ஒடுங்கியது. ஆணும் அந்த மரபணுவைச் சுமக்கிறது, ஆனால் அதன் சிறகில் அது வெளிப்படுவதில்லை. மெண்டலின் பட்டாணிக் கணக்கு அழகிகளின் சிறகிலும் பொருந்திவிட்டது.

இந்தக் கணக்கைப் பிற்பாடு கையிலெடுத்தவர்களில் ஒருவர் லிவர்பூல் மருத்துவர் சிரில் கிளார்க். பகலில் நோயாளிகள், மற்ற நேரத்தில் வீட்டுத் தோட்டத்தில் அழகி வகைப் பூச்சிகள். ஆணையும் பெண்ணையும் கையில் பிடித்தே இணைசேர்க்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. மரபியலாளர் ஃபிலிப் ஷெப்பர்டோடு நட்பு ஏற்பட்டதே பூச்சிகளால்தான். சிறகுக் கோலத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூட்டையாகப் பிள்ளைகளுக்குப் போகின்றன என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். ரீசஸ் ரத்த வகையும் அப்படித்தான் கடத்தப்படுகிறது என்ற கருத்து அப்போது இருந்தது. அந்த ஒற்றுமை கிளார்க்கை ரத்த வகை ஆய்வுக்கு இழுத்தது. நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால், அடுத்தடுத்த குழந்தைகளில் சில வயிற்றிலேயே ரத்தம் சிதைந்து இறந்துகொண்டிருந்த காலம் அது. ரொனால்ட் ஃபின் உள்ளிட்ட கிளார்க்கின் லிவர்பூல் குழு 1960களில் அதற்குத் தடுப்பு கண்டது. நியூயார்க்கில் இன்னொரு குழுவும் தனியாக அதே முடிவுக்கு வந்தது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நெகட்டிவ் வகைத் தாய்மார்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசி அதுதான். பூச்சி பார்ப்பது வேலையற்ற வேலை என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கதையை எடுத்துச் சொல்லுங்கள்.

2014இல் பெங்களூரின் கிருஷ்ணமேக் குண்டேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, கறிவேப்பிலை அழகியின் தோற்றங்களை இயக்குவது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று காட்டினார்கள். பூச்சி ஆணாக வளர வேண்டுமா, பெண்ணாக வளர வேண்டுமா என்பதில் பங்குள்ளதாக ஏற்கெனவே அறியப்பட்ட மரபணு அது. பெண்ணுக்கு மட்டும் சாயல் மாறுவதன் மர்மம் அங்கே அவிழ்ந்தது.

நம் பக்கத்தில் பார்க்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன. அந்திநேரத்தில் சருகுகளுக்கிடையில் எழும்பும் காமன் ஈவினிங் பிரவுன் மழைக்காலத்தில் சிறகின் அடியில் வரிசையாகக் கண்புள்ளிகளோடு வரும். வறண்ட காலத்தில் பிறப்பதற்குப் புள்ளிகள் மங்கி, அசல் காய்ந்த இலையாக இருக்கும். அந்த வறண்ட பருவத்துப் பூச்சிகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒன்றைப்போல் ஒன்று இராது. இது பருவத்துக்கேற்ற மாற்றம். இதையும் பிறழ்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழுவில் பகிரப்படும் ‘விசித்திரச் சிறகு’ப் படங்களில் பெரும்பாலானவை பிறழ்வாக இருப்பதில்லை. வயதான பூச்சியின் செதில் உதிர்ந்து வெளுத்திருக்கும். கூட்டிலிருந்து வெளிவந்ததும் சரியாக விரியாமல் காய்ந்த சிறகாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒரே இடத்தில் பிய்ந்திருந்தால், சிறகு மூடியிருந்தபோது பறவையோ ஓணானோ கடித்திருக்கிறது. இதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவதே பிறழ்வு. அப்படி ஒன்று கிடைத்தால் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுங்கள், தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் பறக்கும் இயல்பான பூச்சி ஒன்றையும் சேர்த்து எடுங்கள். படம் மங்கலாக இருக்கிறதென்று அழித்துவிடாதீர்கள். பூச்சியைப் பிடிக்க வேண்டியதே இல்லை.

வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருப்பவர்கள் ஃபிரையரின் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். மருந்தடிப்பதை நிறுத்துங்கள். முட்டையிட வரும் பெண் மூன்றில் எந்தச் சாயல் என்று குறித்துக்கொண்டு, அது முட்டையிட்ட கிளைக்குக் கொசுவலைத் துணி கட்டுங்கள். முதலில் பறவை எச்சம்போல இருக்கும் புழு பிறகு பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. வெளிவருகிற பெண்களை மட்டும் எண்ணிவிட்டுப் பறக்கவிடுங்கள். ஆணைப் போன்ற தாயின் முட்டையிலிருந்து ரோஜா அழகியின் சாயலில் ஒரு மகள் வந்தால், அந்தச் சிவப்புப் பிறைகள் தகப்பன் வழி வந்தவை. அந்தத் தகப்பனை நீங்கள் செடிப்பக்கம் பார்த்தும் இருக்கலாம். கருஞ்சிறகு, குறுக்கே வெள்ளைப் புள்ளிகள், சிவப்பு இருந்ததற்கான அறிகுறி ஒன்றும் அதன் சிறகில் தெரிந்திருக்காது.