வைக்கோல் போர்த்திய வயல்



நெல் அறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலை என்ன செய்வது? இந்தியாவின் பஞ்சாப் மாநில உழவர்களுக்கு இது பெரிய கேள்வி. அங்கே அக்டோபரில் நெல் அறுவடை. நவம்பர் நடுப்பகுதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். பிந்தினால், மணி முற்றும் காலத்தில் வெயில் ஏறி விளைச்சல் குறையும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. ஆகவே பலர் வைக்கோலுக்குத் தீ வைக்கிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை பரவுகிறது.

மற்றொரு கவலை தண்ணீர். குழாய்க் கிணறுகள் இடைவிடாது இறைப்பதால் நிலத்தடி நீர் இறங்கி வருகிறது. குறித்த நாளுக்கு முன் நெல் நடக்கூடாதென்று 2009இல் அங்கே சட்டமே வந்தது.

இவ்விரு தொல்லைகளுக்கும் ஓரளவு பரிகாரம் மூடாக்கு. 'ஹேப்பி சீடர்' என்னும் விதைப்புக் கருவியை டிராக்டரில் பூட்டி ஓட்டுகிறார்கள். அது வைக்கோலை வெட்டி விலக்கி, உழாத மண்ணில் விதையை இறக்கி, வைக்கோலை மேலே பரப்பிவிடுகிறது.

இதனால் என்ன பயன்? வயலின் நீர் இரு வழிகளில் காற்றில் கலக்கிறது. இலை வழியே போவது பயிரை வளர்க்கிறது. மண்ணிலிருந்து நேரே ஆவியாவது வீண். மூடாக்கு இந்த வீண் செலவைக் குறைக்கிறது. வெளிச்சம் படாததால் களையும் குறைகிறது. நெல் வயலின் எஞ்சிய ஈரத்திலேயே விதைத்தால், விதைப்புக்கு முன் பாய்ச்சும் நீரும் மிச்சமாகலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீரை நிறுத்தக்கூடாது. விதைத்த மூன்றாம் வாரம் கோதுமையில் புதிய வேர்கள் தோன்றும். அப்போதும், பூக்கும்போதும், பால் பிடிக்கும்போதும் மண் காயக்கூடாது. வைக்கோலை விலக்கி, மண்ணைக் கையால் பிடித்துப் பார்த்தே நாளைத் தள்ளிப்போட வேண்டும்.

குறைகளும் உண்டு. வைக்கோல் குவியலாகக் கிடந்தால் முளை மேலே வராது. எலிகள் தங்கும். ஆண்டில் சில வாரங்களே பயன்படும் கருவியைச் சிறு விவசாயி தனியாக வாங்குவது கடினம். கூட்டுறவுச் சங்கத்தில் வாடகைக்கு எடுப்பதே ஏற்றது.

நேயர்களே, இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு சட்டிகளில் மண்ணிட்டு ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றை மட்டும் காய்ந்த புல்லால் மூடி, இரண்டையும் வெயிலில் வையுங்கள். மூன்றாம் நாள் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.