கொரோனாவுக்குப் பின் தொடரும் நரம்பு வலி

தமிழ்நாட்டில் கொரோனாத் தொற்று முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது 2020 மார்ச் 7 அன்று, காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடம்தான். அம்மாவட்டத்தின் குன்றத்தூரிலும் அதையொட்டிய தாம்பரம், பல்லாவரம் பகுதிகளிலும் தொற்று வந்து தேறியவர்கள் ஏராளம். அவர்களுள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் நீங்கிய பிறகும் உள்ளங்கால் எரிச்சல், விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவற்றால் அவதிப்படுவோருக்குத் தெளிவான விளக்கமும் முறையான சிகிச்சையும் கிடைத்தாக வேண்டும்.

தொற்று தொடங்கி 3 மாதங்களுக்குப் பின்னும் காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு நோயால் விளக்க இயலாத தொல்லைகளைக் கொரோனாவுக்குப் பிந்தைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. நரம்பு வலியும் அத்தொல்லைகளில் ஒன்றாக அமையக்கூடும்.

இவ்வலிக்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. கிருமியை எதிர்க்க எழுந்த நோயெதிர்ப்பு ஆற்றல் தடம்மாறி உடலின் நரம்புகளையே தாக்குவது ஒரு வகை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் படுத்திருந்ததாலோ, மூச்சு சீராவதற்காகக் குப்புறப் படுக்க வைத்தபோது தோள், முழங்கைப் பகுதி நரம்புகள் அழுத்தப்பட்டதாலோ ஏற்படுவது மற்றொரு வகை. நரம்பிழை அறுபட்டிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அளவே மீண்டும் வளர்வதால், முழங்கையில் நேர்ந்த காயத்தின் விளைவு விரல்நுனியில் தீர ஓராண்டுகூட ஆகலாம். ஐம்பது வயதைக் கடந்தோரிடம் கொரோனாவுக்குப் பின் அக்கி வருவது 15 விழுக்காடு கூடுதலாக இருந்ததென அமெரிக்க ஆய்வொன்று 2022-இல் கண்டறிந்தது. அக்கிக் கொப்புளங்கள் ஆறிய பின்னும் அவ்விடத்தில் நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.

வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய நரம்பிழைகள் பழுதாவதும் இவ்வலிக்கு ஒரு காரணம்; இது சிறுநரம்பிழை நோய் எனப்படுகிறது. நரம்புகளில் மின்தூண்டல் செலுத்தி அது கடக்கும் வேகத்தை அளக்கும் வழக்கமான பரிசோதனை தடித்த இழைகளையே அளப்பதால், இந்நோய் உள்ளவர்களுக்கும் முடிவு இயல்பாகவே வரும். தோலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் இழைகளை எண்ணிப் பார்க்கும்போதுதான் குறை புலப்படும். எனவே, பரிசோதனைத் தாள் இயல்பாக உள்ளது என்பதற்காக வலியை மனப்பிரமை என்று ஒதுக்குவது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் புறம்பானது.

அதே வேளையில், எல்லா எரிச்சலையும் கொரோனாவின் மேல் சுமத்துவதும் ஆபத்தே. 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அது தானாகவே நரம்புகளைப் பழுதாக்கும். தொற்றுக்காலத்தில் தரப்பட்ட ஸ்டீராய்டு மருந்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வது பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடும்; அக்குறைவும் தைராய்டுக் குறைபாடும் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். ஆகவே சர்க்கரை, பி12, தைராய்டு ஆகிய மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். கால்களில் தொடங்கிய பலவீனம் நாளுக்கு நாள் மேலேறினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமானாலோ, அது நோயெதிர்ப்பு ஆற்றல் நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கக்கூடும் என்பதால் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வழக்கமான வலி மாத்திரைகள் நரம்பு வலியைப் பெரும்பாலும் தணிப்பதில்லை. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை பயன் தரலாம் எனினும், மயக்கம், தலைச்சுற்றல் போன்ற பக்கவிளைவுகள் உள்ளதால் மருத்துவர் சொல்லும் அளவிலேயே உட்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதும், காரணம் அறியாமல் சத்து ஊசி போட்டுக்கொள்வதும் தவிர்க்கத்தக்கவை. தெற்குப் புறநகர் மக்களுக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும், மேல்சிகிச்சைக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் துறையும் உள்ளன. நடமாட இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. நரம்பு மெல்லத்தான் தேறும்; அதுவரை வலியுள்ளவரின் சொல்லை நம்புவதும், பாதியில் நிறுத்தாமல் சிகிச்சையைத் தொடரத் துணைநிற்பதும் குடும்பத்தின் கடமையாகும்.