காய்ச்சல் இல்லாத அனல்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாகவும் ஒரு மலைப்பாதை உண்டு என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அடிவாரத்தில் வெயில் வாட்டும் நாளிலும், சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் இரவுக்குப் போர்வை வேண்டும். அந்தக் குளிரில் ஒரு தாய் நள்ளிரவில் வேர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்தால் வீட்டார் கவனிப்பார்கள். குப்பனூரிலோ, சித்திரை வெயிலில் வேர்க்காதவர் யார்? "சூட்டு உடம்பு" என்று நீர்மோர் கொடுத்து விட்டுவிடுவார்கள். காய்ச்சல் என்று எண்ணி ஊசி போட்டுக்கொண்டு, அன்றைய கூலியை இழப்பவர்களும் உண்டு.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் அனலுக்குத் தனி அடையாளம் உண்டு. நெஞ்சில் திடீரெனத் தொடங்கி, கழுத்து, முகம் என்று ஏறும். குப்பென்று வேர்க்கும், படபடக்கும். சில நிமிடங்களில் தணிந்து, பிறகு குளிரவும் செய்யலாம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இராது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி சிறு சூட்டையும் பெரிதாக எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வேர்க்கச் செய்கிறது. காரணம் இவ்வளவுதான்.

நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46 வயதையொட்டி நிற்கிறது. மேல்நாடுகளில் அது 51. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நாள் தவறத் தொடங்கும்போதே அனலும் வரலாம். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு முப்பத்தைந்து வயதிலும் திடீரென வரும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஆனால் எல்லா வேர்வையும் இதுவல்ல. மாலைக் காய்ச்சல், மெலிவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் பசியோடு நடுங்கி வேர்த்தால், முதலில் ஒரு கரண்டி சர்க்கரை கொடுங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு வரும் வேர்வைக்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. தைராய்டு கோளாறும் இதேபோல் ஏமாற்றும்.

பருத்திச் சேலையும் காற்றோட்டமும் பலருக்குப் போதும். தொல்லை மிகுந்தால் ஹார்மோன் மருந்து நன்றாகக் கேட்கும், ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. ஹார்மோன் அல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன.

வீட்டுத் தினசரி நாட்காட்டித் தாளில் அனல் வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு, அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும், கோடு போட்டுக் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள்.