விருந்தாளியா, நோய்க்கிருமியா?

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம். தட்டைப்பயறுச் செடியின் வேர் முடிச்சுகளைக் காட்டி, ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவதை விளக்கினேன். ஒரு மாணவி கேட்டாள்: “சார், பாக்டீரியா உள்ளே போனா நோய் வரும்னு போன வாரம் சொன்னீங்க. இதை மட்டும் செடி எப்படி உள்ளே விடுது?”

“அது நன்மை செய்யும் பாக்டீரியா” என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது விடையல்ல என்பது எனக்கே தெரியும். நன்மை கிடைப்பது பிறகுதானே? நுழையும்போதே செடி எப்படி அறியும்? வீட்டில் தேடிப் படித்ததைப் பகிர்கிறேன்.

செடிக்கு நம்மைப்போல் இரத்த வெள்ளையணுக்கள் இல்லை. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளே அந்நியரை அடையாளம் காண்கின்றன. பூஞ்சையின் செல்சுவரிலுள்ள கைட்டின் துண்டுகளை உணர்ந்தால் செடி எதிர்ப்பைத் தொடங்கும்.

மண்ணில் நைட்ரஜன் குறைந்தால், பயறுவகைச் செடி வேரிலிருந்து ஃபிளேவனாய்டுகளைக் கசியவிடும். பதிலுக்கு ரைசோபியம் ‘நாட் காரணி’யைச் சுரக்கும். வியப்பு என்னவென்றால், நாட் காரணியும் கைட்டின் போன்ற சிறு சங்கிலிதான்; கூடவே ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும். இரண்டையும் உணரும் ஏற்பிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டே செடி பிரித்தறிகிறது. அடையாளம் பொருந்தினால் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொள்ளும். தொற்று இழை வழியாகப் பாக்டீரியா உள்ளே செல்லும். தொடக்கத்தில் தலைகாட்டிய எதிர்ப்பு அடங்கும்.

ஆனால் அது அழிந்துவிடுவதில்லை. மெடிகாகோ என்ற பயறுவகைச் செடியில், எதிர்ப்பை அடக்கிவைக்கும் சில மரபணுக்கள் பழுதுபட்டால் முடிச்சு பழுப்பாகிறது. உள்ளிருக்கும் பாக்டீரியா மடிகிறது. மாறாக, லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்ற செடியில், பாக்டீரியாவின் கசையிழைப் புரதத் துண்டைக் கொடுத்து எதிர்ப்பை முன்பே தூண்டியபோது முடிச்சுகள் குறைந்தன. எதிர்ப்பு ஓங்கினால் முடிச்சு குறையும். முடிச்சு வளர எதிர்ப்பு அடங்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்கலாம். பூக்கும் பருவத்துத் தட்டைப்பயறு அல்லது நிலக்கடலைச் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் கழுவுங்கள். முடிச்சை ஆசிரியரே பிளேடால் வெட்டிக் காட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் லெக்ஹீமோகுளோபின் உள்ளது, முடிச்சு வேலை செய்கிறது. பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துவிட்டது. நூற்புழு தாக்கிய வேரிலும் வீக்கம் இருக்கும். முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரோடு ஒன்றியிருக்கும், உதிராது. விருந்தாளி தந்ததையும் நோய் தந்ததையும் மாணவர்கள் தாமே பிரித்தறிவார்கள்.

மறுநாள், “நேற்று நான் சொன்னது விடையல்ல, உன் கேள்விதான் சரி” என்று அந்த மாணவியிடம் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்கினேன்.