இசைத்தட்டின் உறையும் இசையின் இயல்பும்

செவிக்குரிய இசையைக் கண்ணுக்குப் புலப்படுத்துதல் கூடுமோ? இவ்வினாவுக்கு நியூயோர்க் நகரத்துப் புளூ நோட் நிறுவனத்தார் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டுக்களின் உறைகள் தக்க விடை பகர்வன. 1956 முதல் 1967 வரை அவற்றுட் பெரும்பாலானவற்றை அமைத்தவர் றீட் மைல்ஸ் என்பார். அவர் ஜாஸ் இசையில் அத்துணைப் பற்றுடையவரல்லர். மேனாட்டுச் சாஸ்திரீய இசையையே விரும்பினார் என்பது வியப்பே. பிரான்சிஸ் வூல்ப் எடுத்த நிழற்படங்களைத் துணிந்து வெட்டியும், ஒரே நிறத்திற் றோய்த்தும், எழுத்துக்களைத் தாளத்துக்கியைய நிரைத்தும் அவர் பணிபுரிந்தார். செலவைச் சுருக்கவெழுந்த அவ்வொரு நிற முறையே பின்னர் அந்நிறுவனத்தின் முத்திரையாயிற்று.

1964இல் வெளிவந்த எரிக் டொல்பியின் 'அவுட் டு லஞ்ச்' என்னும் தட்டின் உறையை நோக்குக. கலைஞரின் உருவம் அதன் முகப்பில் இல்லை. பகலுணவுக்காக மூடிய கடையிற் றொங்கும் 'திரும்பி வருவோம்' என்னும் அறிவிப்பே உண்டு. அதிலுள்ள கடிகாரத்துக்கோ முட்கள் பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தைச் சுட்டுகின்றது. ஒரு தாளக்கட்டினுள் அடங்காது பல திசையிற் பிரிந்தோடும் அவ்விசைக்கு இதனினும் பொருத்தமான குறி கிடைத்தலரிது. அத்தட்டு விற்பனைக்கு வருமுன்னரே, அவ்வாண்டு ஜூன் 29இல், டொல்பி தமது 36ஆம் வயதிற் பெர்லினிற் காலமானார்.