பாய்மரக் காலத்து மீன்

ஒரு மீனுக்கு என்ன வயது இருக்கும் என்று எப்போதாவது யோசித்ததுண்டா? நாம் குழம்பு வைக்கிற மத்தி மீன் சில வருஷங்கள்தான் வாழும். ஆனால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கத்து ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்று ஒரு மீன் இருக்கிறது. செங்கல் நிறம், பெரிய பெரிய கண்கள். வெயிலே எட்டாத ஆழத்தில், குளிரிலும் இருட்டிலும் வாழ்கிற இந்த மீனுக்கு 200 வயதுகூட ஆகும்!

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒரு குட்டிக் கல் உண்டு. மரத்தை அறுத்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும், இல்லையா? அந்த மாதிரிதான் இந்தக் கல்லிலும். அந்த வளையங்களை எண்ணித்தான் வயதைச் சொல்கிறார்கள்.

எதிலும் அவசரமில்லாத மீன் இது. முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகும். அதன்பிறகு கடலுக்கடியில் இருக்கிற மலைகளைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகச் சேரும். 1970-களின் கடைசியில் இழுவைப் படகுகள் அந்தக் கூட்டங்களைத் தேடிப் போக ஆரம்பித்தன. ஒரே வலையில் டன் கணக்கில் மீன்! கொஞ்ச காலத்திலேயே பல இடங்களில் கூட்டம் கரைந்துபோனது, பாவம். இப்போது இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள்.

அன்று வலையில் வந்த மீன்களில் சில, பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் பிறந்தவை, நேயர்களே.